நூற்றெண்பது வாட்

பேய்க் கதை என்றால் நடுராத்திரி வேண்டும், மழை வேண்டும், எங்கேயாவது ஒரு நாய் ஊளையிட வேண்டும். இதில் அது எதுவும் கிடையாது. இது நடந்தது ஒரு திங்கட்கிழமை, பட்டப்பகலில், மதியம் 2.52 முதல் 3.31 வரை. உத்தேசமாகச் சொல்லவில்லை. நேரம் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் என் தொழில். இதைக் கேட்டுவிட்டு நான் கதை விடுவதாகச் சொன்னவர்கள் என் சொந்தக்காரர்களிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். என் வலது கால் சுண்டுவிரலில் இன்றைக்கும் உணர்வு இல்லை. அது எப்படிப் போனது என்று அவர்களே சொல்லட்டும்.

கரண்டை மிச்சப்படுத்துவது என் வேலை. கூப்பிடும் இடத்துக்குப் போய், எங்கே வீணாகிறது, எதை மாற்றலாம், எதைப் பிடுங்கி எறியலாம் என்று பார்த்துச் செய்து கொடுப்பேன். வீட்டிலும் இதே புத்திதான். ஆள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே விளக்கை அணைத்துவிட்டு வருகிறேன் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். சொந்தத்தில் எனக்கு வைத்த பெயர் 'சுவிட்சு'. என் ஏழு வயது மகள் சாயங்காலம் வாசலிலேயே மறித்து, "இன்னைக்கு எத்தனை லைட்ட அணைச்சீங்கப்பா?" என்று கேட்பாள். எண்ணிக்கை குறைந்தால் அவள் முகம் வாடிவிடும்.

அந்தத் தடவை கூப்பிட்டது ஒரு நெடுஞ்சாலை ஓய்வு வளாகம். லாரிகள் நிறுத்த ஒரு பெரிய மைதானம், கழிப்பறை வரிசை, உணவகம், ஒரு கடை. சாலைக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. நடுவில் தரைக்கு அடியில் ஒரு நடைபாதை. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாம் எரிந்துகொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கும் இடம். மேனேஜர் நல்ல மனிதர், பாவம். மின் செலவை நாலில் ஒரு பங்கு குறைக்காவிட்டால் அந்தப் பக்கத்துப் பாதியை இழுத்து மூடிவிடுவதாக மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். பதினெட்டுப் பேருக்கு வேலை போகும். எப்படியாவது செய்துகொடுங்கள் என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்படி ஒருவர் கையைப் பிடித்தால் எனக்குத் தலைகால் புரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் கழற்ற ஆரம்பித்தேன்.

சமையலறைக்குப் பின்னால் ஒரு நீண்ட நடை. அதன் கடைசியில் ஃப்ரீசர் அறை. ஆள் உள்ளே போய் நடமாடுகிற அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டடிக்குப் பத்தடி. உள்ளே மைனஸ் பதினெட்டு டிகிரி. மூன்று பக்கமும் தட்டுகள், அதில் உறைந்த பட்டாணி, இறைச்சி, ரொட்டி மாவு. இந்த மாதிரி அறைகளின் கதவுச் சட்டத்துக்குள் சுற்றிலும் ஒரு ஹீட்டர் கம்பி ஓடும். கதவின் ரப்பர் விளிம்பு சட்டத்தோடு உறைந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. குளிர வைக்கிற அறையில் சூடு வைக்கிற கம்பி! என்னைப் போன்ற ஆளுக்கு அதைப் பார்த்தாலே கை அரிக்கும். நூற்றெண்பது வாட், இரவும் பகலும். வெள்ளிக்கிழமையே அதைத் துண்டித்துவிட்டேன்.

அதோடு நின்றேனா? உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்த ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் சமையலறையில் மணி அடிக்கும். அந்த மணிக்கான சின்னப் பெட்டி சும்மா இருக்கும்போதே பத்து வாட் தின்றது. கழற்றினேன். உள்விளக்கு எந்நேரமும் எரிந்தது. ஆள் அசைந்தால் எரியவும், அசையாவிட்டால் ஒரு நிமிடத்தில் அணையவும் மாற்றினேன். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்படி ஸ்பிரிங்கை இறுக்கினேன். தலைமைச் சமையல்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மணி வேண்டாமா என்று ஒரு தடவை கேட்டார். உள்ளேயே தள்ளுகோல் இருக்கிறது, தள்ளினால் கதவு திறக்கும், மணி எதற்கு என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

திங்கட்கிழமை சோதனை. மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை வளாகத்தை மூடிவிட்டு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்து, எது எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டரில் பார்ப்பது என்று ஏற்பாடு. ஊழியர்கள் அத்தனை பேரையும் அனுப்பியாகிவிட்டது. மேனேஜர் நுழைவாயிலில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் என் மச்சினன், மனைவியின் தம்பி. என்னோடு ஒன்பது வருடமாக வேலை செய்கிறவன். வாய் ஓயாமல் பேசுவானே தவிர வேலையில் கெட்டிக்காரன். நான்கு மணிக்கு அங்கே முடித்துவிட்டு நடைபாதை வழியாக இங்கே வருவதாகப் பேச்சு. நடுவில் பேச வேண்டியதில்லை.

ஃப்ரீசர் மட்டும் ஓட வேண்டும். உள்ளே ஒரு தட்டில் வெப்பம் பதிகிற சின்னக் கருவியை வெள்ளிக்கிழமை வைத்திருந்தேன். அதை எடுக்கப் போனேன். கைக்கடிகாரம் பார்த்தேன். 2.52. அரைக்கைச் சட்டை. அரை நிமிட வேலைதானே என்று எண்ணம். கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒரு பிளாஸ்டிக் கூடை அங்கேயே கிடந்தது. சமையல்காரர்கள் அதை வைத்துத்தான் கதவைத் திறந்து போட்டு வேலை பார்ப்பார்கள். குளிர் போகிறதே என்று அவர்களிடம் மூன்று நாளாகக் கத்தியவன் நான். நானே அதை வைக்கலாமா? கூடையைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனேன்.

கதவு பின்னால் வந்து மெதுவாகச் சாத்திக்கொண்டது. ப்ப்ச்... என்று ஒரு சத்தம், உதட்டை உறிஞ்சினாற்போல.

கருவியை எடுத்தேன். திரும்பி வந்து தள்ளுகோலைத் தள்ளினேன். 'டக்' என்று கொக்கி விலகியது. ஆனால் கதவு அசையவில்லை.

தோளால் தள்ளினேன். அசையவில்லை. பின்னால் போய் ஓடி வந்து மோதினேன். தோள்தான் வலித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவைத் திறக்கும்போது உள்ளே நுழைகிற வெதுவெதுப்பான காற்று, சாத்தியதும் குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது கதவை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்பு தளர ஒரு சின்னத் துவாரம் சுவரில் இருக்கும். அது உறைந்து அடைபடாமல் பார்த்துக்கொள்வதும் அதே ஹீட்டர் கம்பிதான். நிமிர்ந்து பார்த்தேன். துவாரத்தை வெள்ளையாகப் பனி மூடியிருந்தது. கதவு விளிம்பைச் சுற்றிலும் பனி.

எல்லாம் என் கைவேலை.

பொத்தானை அழுத்தினேன். அழுத்தும்போதே தெரியும், அதற்கு இணைப்பே இல்லை என்று. இருந்தாலும் பத்துப் பதினைந்து தடவை அழுத்தினேன். போனை எடுத்தேன். நாலு பக்கமும் இரும்பு, சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. விளக்கை உடைத்து மின்சாரத்தைத் தடை செய்யலாமா என்று ஒரு யோசனை வந்தது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான மீட்டரில் எண்ணிக்கை குறையும். யாராவது கவனிப்பார்களா? கவனித்தால் என் மச்சினன், இன்னும் கொஞ்சம் மிச்சம் என்று சந்தோஷமாகக் குறித்துக்கொள்வான். அவனை அப்படிப் பழக்கியதும் நான்தான்.

2.58. நான்கு மணிக்கு இன்னும் அறுபத்திரண்டு நிமிடம்.

காற்றாடி மேலே ஓடிக்கொண்டே இருந்தது. அதன் காற்று நேராகக் கழுத்தில் அடித்தது. கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அந்தச் சுவரில் நாலு அங்குலத்துக்குப் பஞ்சு மாதிரி அடைத்திருப்பார்கள். குளிர் வெளியே போகாது. சத்தம் மட்டும் போகுமா? கையைத் தேய்த்தேன், குதித்தேன், மாவுப் பெட்டியின் அட்டையைக் கிழித்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன். விரல் நுனிகள் முதலில் வலித்தன. பிறகு வலி நின்றது. வலி நின்றதுதான் பயமாக இருந்தது.

3.03. போன் தானாக அணைந்துவிட்டது. குளிரில் பேட்டரி படுத்துவிட்டது.

கொஞ்ச நேரம் கதவில் சாய்ந்தேன். வீட்டு வாசலில் நிற்கும் மகள் நினைவுக்கு வந்தாள். அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். அசையாமல் நின்றதால் விளக்கு அணைந்தது. கும்மிருட்டு. கையை வீச வேண்டும், விளக்கு வரும். வீசத் தெம்பில்லை. அப்படியே நின்றேன்...

விளக்கு எரிந்தது.

நான் அசையவில்லை. கண்டிப்பாக அசையவில்லை.

அப்போதுதான் தட்டும் சத்தம் கேட்டது. டொக்... டொக்... டொக். கதவில்தான். கீழே, முழங்கால் உயரத்தில். 3.05.

எனக்கு உயிர் வந்தது. இரண்டு கையாலும் கதவை அறைந்தேன். உள்ளே மாட்டிக்கொண்டேன், திற, திற என்று கத்தினேன். பதிலுக்கு ஒரு பெண் குரல். மெல்லியதாக, ஆனால் தெளிவாக. அந்தத் தடித்த கதவைத் தாண்டி அவ்வளவு தெளிவாகக் கேட்கக் கூடாது என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"யாருண்ணா அது?"

சமையலறையில் பாத்திரம் கழுவும் பெண் யாரோ வீட்டுக்குப் போகாமல் நின்றுவிட்டாள் என்று நினைத்தேன். சோதனைக்கு வந்தவன் என்று சொல்லி, கைப்பிடியைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். வெளியே பெரிய இரும்புக் கைப்பிடி இருக்கிறது. ஒரு ஆள் தொங்கினால்கூடத் தாங்கும்.

உள்ளங்கையால் கதவைத் தடவிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"இந்தப் பக்கம் கைப்பிடி இல்லண்ணா."

இருட்டில் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நடையில் விளக்கை நான்தானே அணைத்திருந்தேன். ஓடிப்போய் யாரையாவது கூட்டி வரச் சொன்னேன். மேனேஜர் நுழைவாயிலில் நிற்கிறார், போய்ச் சொல்லும்மா என்று கெஞ்சினேன்.

இன்றைக்கு லீவு, யாருமே இல்லை என்றாள். அவளும் ரொம்ப நேரமாகத் தட்டிப் பார்த்துவிட்டாளாம். பேசும்போது அவள் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்வது கேட்டது. என் பல்லும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது. அவளுக்கு எதற்குக் குளிர்?

கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

3.14. கால் மடங்கியது. உட்காரலாம் போல இருந்தது. தூக்கம் வேறு வந்தது. இதமான தூக்கம், போர்வைக்குள் இருப்பது மாதிரி. முதுகை உரசிக்கொண்டே சரிந்தேன்.

"உக்காராதீங்க."

தூக்கிவாரிப் போட்டது. நான் உட்காரப் போவது அவளுக்கு எப்படித் தெரிந்தது?

"நான் உக்காந்துட்டேன். இப்ப எந்திரிக்க முடியல. நீங்க உக்காராதீங்கண்ணா. நடங்க."

நடந்தேன். நாலு எட்டு அந்தப் பக்கம், நாலு எட்டு இந்தப் பக்கம். அவள் சொன்னதற்காக நடந்தேன். நடக்க நடக்க அவள் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் இருக்கிறார்களா என்றாள். ஒரு பெண், ஏழு வயது என்றேன். அவளுக்கும் ஒரு பையன் இருக்கிறானாம், சாயங்காலம் பள்ளியில் போய்க் கூப்பிட வேண்டுமாம், நேரமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறதாம். நான் தூங்கிவிடாமல் இருக்கத்தான் பேச்சுக் கொடுக்கிறாள் என்று புரிந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி.

3.20. திடீரென்று கேட்டாள்.

"உங்க பக்கமும் லைட் அணைஞ்சு அணைஞ்சு எரியுதா?"

நடப்பதை நிறுத்திவிட்டேன்.

வெளியே நடையில் இருப்பது சாதாரண விளக்கு. அதை அணைத்துவிட்டேன். அணைந்து அணைந்து எரியும் விளக்கு அந்தக் கட்டடத்திலேயே ஒன்றுதான். அது என் தலைக்கு மேல் இருந்தது.

கைப்பிடி இல்லாத பக்கம். குளிருகிற பக்கம். விளக்கு அணைகிற பக்கம்...

மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். தட்டுகள். பட்டாணிப் பைகள். என் மூச்சுப் புகை. வேறு யாரும் இல்லை.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்கண்ணா?"

"கரண்ட் வேலை."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தக் கதவுச் சட்டம் முந்தியெல்லாம் சூடா இருக்கும். கை வெறச்சுப் போச்சுன்னா அதுல வச்சுக்குவோம், இதமா இருக்கும். இப்ப சில்லுனு இருக்கு. யாரோ கழட்டிட்டாங்க."

மறுபடி நடக்க ஆரம்பித்தேன்.

அவள் பேச்சு நின்றுவிட்டது. காற்றாடி மட்டும் ஓடியது. எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். இரண்டு நிமிடம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இரண்டு நிமிடம் வந்ததில்லை. நான்தான் கழற்றினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் போய்விடுவாளோ என்று பயம். அவள் யார், என்ன என்பதெல்லாம் அதற்குள் எனக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. தெரிந்தும், அவள் போய்விடக் கூடாது என்றுதான் பயந்தேன். தனியாகச் சாக எனக்குத் தைரியம் இல்லை.

3.26.

"அண்ணா."

"ம்."

"கீழ, வலது மூலை. உதைச்சா அங்க கொஞ்சம் அசையுது. என் கால்ல இப்ப வலு இல்ல. நீங்க உதைங்க. நானும் உதைக்கிறேன்."

வலது மூலைக்குப் போனேன். ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டேன். உதைத்தேன்.

டொம்.

ஒரு நொடி கழித்து இன்னொன்று.

டொம்.

இரண்டாவது உதை கதவின் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை.

என் காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

ஒட்டியிருந்த பனி என் கால்சட்டை மேல் தெறித்தது. நான் உதைத்த இடத்திலிருந்து அல்ல. ஒரு சாண் தள்ளி.

விளக்கு அணைந்தது.

"நிறுத்தாதீங்க."

உதைத்தேன். அவளும் உதைத்தாள். இருட்டில், தோளுக்குத் தோள்.

டொம்... டொம்.

டொம்... டொம்.

வலது கால் மரத்துவிட்டது. என்னுடையதா என்றே தெரியவில்லை. அழுதுகொண்டே உதைத்தேன்.

ஒன்பதாவது உதை.

ஸ்ஸ்ஸ்... என்று காற்று உள்ளே நுழையும் சத்தம்.

கதவு விட்டுக்கொடுத்தது.

நடையில் குப்புற விழுந்தேன். தரை சூடாக இருந்தது. காற்று சூடாக இருந்தது. தூரத்தில் சமையலறை ஜன்னல் வெளிச்சம். கடிகாரம் பார்த்தேன். 3.31.

நடையில் யாரும் இல்லை.

பின்னால் கதவு மெதுவாகத் திரும்பி வந்தது. நான் இறுக்கிய ஸ்பிரிங். சாத்திக்கொண்டது. ப்ப்ச்...

முழங்காலை ஊன்றி எழுந்து நின்றேன்.

டொக். டொக். டொக்.

உள்ளேயிருந்து.

"அண்ணா... வெளிய போயிட்டீங்களா?"

மறுபடியும் தட்டினாள்.

"எனக்குத் தெறக்கலண்ணா. தெறந்து விடுங்க."

கைப்பிடி எனக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. எட்டிப் பிடித்து ஒரு இழு இழுத்தால் போதும்.

நான் ஓடினேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம், கதவு திறந்தது, வெளியே வந்தேன் என்று முடித்துவிடுவேன். இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன். ஓடினேன். சமையலறையில் பாத்திர அடுக்கில் மோதி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஓடினேன். லாரி நிறுத்தும் மைதானத்தின் நட்டநடுவில், வெயிலில், தாரில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் தட்டுவது அங்கே வரைக்கும் கேட்பது போலவே இருந்தது.

மச்சினன் சொன்னபடி நான்கு மணிக்கு வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. உதடெல்லாம் நீலம் பாய்ந்திருந்ததாம். கதவைத் திறந்து உள்ளே ஒரு பெண் இருக்கிறாளா பார் என்று மட்டும் சொன்னேன். அவனும் மேனேஜருமாகப் போனார்கள். கதவு சாதாரணமாகத் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. அவர்கள் கதவை விரியப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நான் போய் எட்டிப் பார்த்தேன். கதவின் உள்பக்கம், வலது கீழ்மூலையில், என் செருப்பின் கறுப்புத் தடம். அதற்கு ஒரு சாண் தள்ளி, தகட்டில் ஏழெட்டுச் சின்னப் பள்ளங்கள். ஒரு குதிகால் அளவு. என்னுடையதைவிடச் சின்னக் குதிகால்.

அது வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றார் மேனேஜர். அந்த ஃப்ரீசர் அறை புதிதாக வாங்கியது இல்லையாம். வேறொரு நெடுஞ்சாலையில் மூடிவிட்ட ஓய்வு வளாகத்திலிருந்து பழையதாக, சுவர் சுவராகக் கழற்றிக்கொண்டு வந்து பூட்டியதாம்.

அன்று சாயங்காலமே, மச்சினன் கையால், ஹீட்டர் கம்பியையும் மணியையும் திரும்பப் போட வைத்தேன். விளக்கை அணையாதபடி மாற்றச் சொன்னேன். ஏன் மாமா என்று அவன் கேட்கவில்லை. அவன் பேசாமல் வேலை செய்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். குறைக்க வேண்டியதை மைதானத்து விளக்குகளிலும் தண்ணீர் மோட்டாரிலும் குறைத்தோம். அந்தப் பக்கத்துப் பாதி மூடப்படவில்லை. அதில் எனக்கு நல்ல பெயர்கூடக் கிடைத்தது.

ஐந்து வாரம் கழித்து, அந்த அறையைக் கழற்றிக்கொண்டு வந்து பூட்டிய ஃபிட்டரைத் தேடிப் போனேன். வயதானவர். ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கதவில் பள்ளம் என்றதுமே கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்ததாம். பழைய இடத்தில் வார விடுமுறை நாள். மறுநாள் சமையலுக்குச் சாமான் எடுத்து வைக்க ஒரு பெண் மட்டும் வந்திருக்கிறாள். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே போயிருக்கிறாள். கரண்ட் மிச்சம் என்று அந்த வாரம்தான் ஹீட்டர் கம்பியைத் துண்டித்திருக்கிறார்கள், விளக்கையும் மாற்றியிருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் எல்லா இடத்திலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்றார். எந்தப் புத்திசாலி சொல்லிக் கொடுத்தானோ என்றும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பள்ளியில் பையனைக் கூப்பிட யாரும் வரவில்லை என்று வாத்தியார் போன் செய்த பிறகுதான் தேடியிருக்கிறார்கள். திறந்தபோது அவளுக்கு உயிர் இருந்ததாம். தூக்கிக்கொண்டு போனவர்களில், அப்போது அங்கே வேலை பார்த்த இந்த ஃபிட்டரும் ஒருவர். வழியிலேயே போய்விட்டாளாம்.

ஏதாவது பேசினாளா என்று கேட்டேன்.

"பேசுச்சு சார். வழி முழுக்க ஒரே பேச்சுதான். குளிர்ல புத்தி பெரண்டு போச்சுன்னு நெனச்சோம். உள்ள கூட ஒரு அண்ணன் இருந்தாராம். கரண்ட் வேலை பாக்குறவராம். ரெண்டு பேருமா உதைச்சு, அவர மட்டும் வெளிய அனுப்பிடுச்சாம். அவருக்குப் பொம்பளப் புள்ள இருக்கு, நல்லவரு, ஆளக் கூட்டிட்டு வரத்தான் போயிருக்காரு, இப்ப வந்து தெறந்துருவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அங்க அப்படி யாருமே இல்ல சார்."

அவளை எத்தனை மணிக்கு வெளியே எடுத்தார்கள் என்று கேட்டேன். ஆறு இருபது என்றார்.

3.31 முதல் 6.20 வரை. இரண்டு மணி நாற்பத்தொன்பது நிமிடம். அவ்வளவு நேரமும் அவள் என்னை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.